ஆள் விழுந்த உடைப்பு

“…கை தவறி உழுந்திருந்தா மூலையிலதாங்க ஒடைஞ்சிருக்கும். இது நட்டநடுவுல ஆரம்பிச்சு நாலா பக்கமும் ஓடியிருக்குது. ஃப்ரேமும் வளைஞ்சிருக்குது பாருங்க. இது போன் உழுந்த ஒடைப்பு இல்லீங்க ஐயா, ஆளு உழுந்த ஒடைப்பு,” என்றது போன் ரிப்பேர் கடையிலிருந்த அந்தப் பொண்ணு.

தலையை நிமிர்த்தாமலே சொன்னது. அதன் மேசையில் வளையும் கழுத்து வைத்த விளக்கு ஒன்று இருந்தது. விளக்கின் நடுவில் பூதக்கண்ணாடி. அதற்கடியில் என் போனைப் போட்டு, நாடி பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. நான் கடைக்குள் நுழைந்ததுமே, “டீக்கடை பெஞ்சுல வெச்சிருந்தேம்மா, நழுவிப் போச்சு” என்று சொல்லியிருந்தேன். மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே அந்த வரியை நாலைந்து தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒரு நிமிஷங்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை.

முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். பேச்சுக்கு வழியில்லாமல் நின்றவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. கூடைக்காரம்மா ஒருத்தர் கம்பைநல்லூர் டிரிப்பில் தினமும் ஏறுவார். “உன் வாயில விசில் இருக்கற நேரந்தான்யா இந்த பஸ்ஸு நிம்மதியா போவுது” என்பார். அதை அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டேன். பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கம் முழுக்க இப்படி ஜனங்கள் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவனுக்கு, மிச்சப் படிப்பெல்லாம் அந்த பஸ்ஸுக்குள்தான் நடந்தது. கொய்யா விற்கிறவர் ஒருத்தர் ஒரு நாள் கேட்டார்: “கூட்டமா இருந்தாலும் திட்டறீங்க, காலியா இருந்தாலும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறீங்க. உங்களுக்கு என்னதாங்க வேணும்?” சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அதையும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். விழுந்தது நான். போன் எனக்கு அடியில் இருந்தது, அவ்வளவுதான்.

அது நடந்து அன்றைக்கு ஐந்தாம் நாள். எங்கள் பக்கம் ஒகேனக்கல் தண்ணி தினமும் வராது. வருகிற நாளில் காலை ஏழு மணிக்குள் பிடித்தாக வேண்டும். பின்வாசலில் சிமென்ட் தளம், அதில் குழாயடியைச் சுற்றிப் பாசி. மனைவி இருந்தவரை வாரத்துக்கு ஒரு தடவை தேங்காய் நாரைப் போட்டுத் தேய்ப்பாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. எனக்குப் பாசி கண்ணில் படும், தேய்க்க வேண்டும் என்று தோன்றும், தோன்றியதோடு சரி.

நிறைந்த குடத்தைத் தூக்கித் திரும்பினேன். கால் போய்விட்டது. வழுக்கினால் மனுஷன் கையைக் கீழே ஊன்றுவான், இல்லையென்றால் பக்கத்துச் சுவரைப் பிடிப்பான். சுவர் ஒரு முழத்தில்தான் இருந்தது. ஆனால் என் கை மேலே போனது. முப்பத்தோரு வருஷம் வண்டி குலுங்கும்போதெல்லாம் மேல்கம்பியைப் பிடித்த கை. டிரைவர் பிரேக் போட்டால் யோசிக்காமல் மேலே போகும். அங்கே கம்பி இருக்கும். பின்வாசலில் ஆகாசந்தான் இருந்தது. கையை மேலே தூக்கிக்கொண்டே இடது பக்கமாகச் சாய்ந்தேன். வேட்டி பெல்ட்டின் இடது பையில் போன்.

எழுந்திருக்கப் பார்த்தேன். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. குடத்துத் தண்ணி என்னைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது, குழாயும் மூடவில்லை. என் வூடு ரோட்டு ஓரம். எதிரிலேயே பஸ் ஸ்டாப். ஏழு பத்து பஸ் வந்து நின்றது. ஒற்றை விசில். யாரோ இறங்கினார்கள், செருப்புச் சத்தம் கேட்டது, ஒரு பொம்பளை தன் குழந்தையை அதட்டினார். இரட்டை விசில். வண்டி போய்விட்டது.

கத்தியிருந்தால் வந்திருப்பார்கள். கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற தொண்டைதான் என்னுடையது. ஆனால் கத்தினால் ஆள் வரும், ஆள் வந்தால் தூக்குவார்கள், தூக்கினவர்களில் ஒருத்தராவது பெங்களூருக்கு ஒரு போன் போடுவார். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

பெங்களூரில் இருப்பது என் பையன். ஒரே பையன். நல்லவன், அதனால்தான் கஷ்டம். மனைவியின் காரியம் முடிந்த வாரத்திலேயே, “கிளம்புங்கப்பா” என்றான். போனேன். இருபத்திரண்டு நாள் இருந்தேன். பையனும் மருமகளும் எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ராத்திரி வருவார்கள். லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டே ஏறி, பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். ஒரு நாள் சும்மா பேச்சுக் கொடுக்கலாமே என்று, “எத்தனாவது மாடிங்க?” என்று ஒருத்தரைக் கேட்டேன். பதில் பேசாமல் எனக்காக ஒரு பட்டனை அழுத்திவிட்டார். இருபத்து மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டேன்.

அப்போது பையன் ஒரு நிபந்தனை போட்டான். “சரிங்கப்பா, அங்கேயே இருங்க. ஆனா ஒரு தடவை உழுந்தீங்கன்னு தெரிஞ்சாலும் பேச்சே கெடையாது. அன்னைக்கே காரை எடுத்துக்கிட்டு வந்துருவேன்.” நானும் விளையாட்டாக, “சரிடா, ரைட்” என்றேன். கண்டக்டர் வாயிலிருந்து ரைட் என்று வந்துவிட்டால் வண்டி கிளம்பிவிட்டது என்றுதான் அர்த்தம்.

இங்கே மட்டும் என்ன ஆள் கூட்டமா என்று கேட்டால், இல்லை. காலையில் எழுந்தால் யாரோடும் பேசாமலே மத்தியானம் ஆகிவிடும். சில நாள் கடையில் பால் பாக்கெட் கேட்கும்போது என் குரலே எனக்குக் கரகரவென்று புதுசாகக் கேட்கும். ஆனாலும் ஒரு நாளைக்கு ஆறு பஸ் என் வாசலில் நிற்கிறது. இப்போதிருக்கும் கண்டக்டர் பையன்களுக்கு என்னைத் தெரியாது. பரவாயில்லை. யார் ஏறுகிறார்கள், யார் சில்லறைக்குச் சண்டை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தத் தனிமை எனக்குப் பழக்கம். லிஃப்டுக்குள் இருந்தது வேற மாதிரி.

தளத்தில் கிடந்தபோது இடுப்புக்கடியில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. பையன் ஆபீஸ் போகிற வழியில் கூப்பிடுகிற நேரம். வெளியே எடுக்க முடியவில்லை. எட்டு நாற்பது பஸ்ஸும் வந்து நின்று போனது. அதற்குப் பிறகுதான் குழாயைப் பிடித்து, சுவரைப் பிடித்து, நின்றேன். சாயங்காலம் பையன் கேட்டதற்கு, “குளிச்சுக்கிட்டு இருந்தேன்பா” என்றேன்.

போனின் கண்ணாடி நடுவில் சிலந்தி வலை. வலைக்கடியில் பேனா மை சொட்டின மாதிரி ஒரு கருப்பு. முதல் நாள் மிளகளவு, மூன்றாம் நாள் நெல்லிக்காய் அளவு. கீழ்ப்பாதியில் விரல் வைத்தால் உணர்ச்சியே இல்லை. இடுப்பிலும் ஒரு கருப்பு இருந்தது. குளிக்கும்போது பார்ப்பேன்: கருப்பு நீலமாகி, நீலம் மஞ்சளாகி, அதுவும் பரவிக்கொண்டேதான் இருந்தது. இரண்டையும் யாருக்கும் காட்டவில்லை.

டச் செத்துப் போனால் வருகிற போனை எடுக்கவும் முடியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய ஒயர் ஹெட்செட் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. அதைச் சொருகி, ஒயரில் இருக்கும் பட்டனை அமுக்கினால் பேச முடிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, தட்டித் தடவிக் கண்டுபிடித்தேன். பேசுவதற்குச் சரி. ஆனால் பையன் ராத்திரியானால் வீடியோவில் கூப்பிடுவான். “நெட்டு எடுக்கலப்பா” என்று நாலு நாள் ஓட்டினேன். நாலாம் நாள், “மொரப்பூருக்கே நெட்டு போயிருச்சா, உங்களுக்கு மட்டும் போயிருச்சாப்பா?” என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனாலும் இனி தாங்காது என்று தெரிந்துவிட்டது.

மொரப்பூரிலேயே போன் கடை உண்டு. கடைக்காரனும் என் பையனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அதனால் தருமபுரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், எனக்கு முகமே தெரியாத ஒரு கடை.

இப்படித்தான் அன்றைக்கு அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருந்தேன். முதுகுச் சாய்ப்பும் கைப்பிடியும் இல்லாத உயரமான ஸ்டூல். கடையின் அகலமே இரண்டு ஆள் நிற்கிற அளவுதான்.

“யாரு உழுந்தா என்னம்மா, ஒடைஞ்சது ஒடைஞ்சதுதான். என்ன பண்ணலாம், சொல்லு,” என்றேன்.

அது விடவில்லை, ஆனால் அப்போதைக்கு வேலைக்குத் திரும்பியது. “பண்றதுக்கு வழி நாலஞ்சு இருக்குதுங்க. மேல் கண்ணாடி மட்டும் போயிருந்தா கண்ணாடியை மட்டும் மாத்தலாம், கம்மியில முடியும். அதுக்கு மெஷின் வேணும், சேலத்துக்கு அனுப்பணும். ஆனா உங்களுக்கு உள்ளார கருப்பு எறங்கிருச்சு. டிஸ்ப்ளேவே போச்சு. அதனால அந்த வழி அடைப்பு.”

“அடுத்தது?”

“ஒரிஜினல் டிஸ்ப்ளே. பெங்களூருல இருந்து வரவெக்கணும்.” உடனே ஒருத்தருக்குப் போன் போட்டு, கன்னடத்தில் சண்டை மாதிரி ஏதோ பேசி விலை கேட்டது. வைத்துவிட்டு என்னிடம் சொன்ன தொகை போனின் விலையில் ஏறக்குறைய பாதி. என் முகத்தைப் பார்த்ததும் அடுத்ததற்குப் போனது. “காப்பி டிஸ்ப்ளே போடலாம். அது பாதிக்கும் கொறைவா வரும். கையிலயே இருக்குது, ஒரு மணி நேரத்துல போட்டுத் தந்துருவேன். பாக்கப் பளபளன்னு இருக்கும். ஆனா கலர் வெளுப்பாத் தெரியும், ஈரக்கை பட்டா டச் எடுக்காது. நான் போட்டுத்தான் தரேன், இருந்தாலும் சொல்லிர்றேன், அவசரத்துக்கு நம்பக்கூடாதுங்க.”

“மாசத் தவணை கட்டறாங்களே?”

“காப்பிக்கெல்லாம் யாருங்க தவணை குடுப்பாங்க? புதுப் போனுக்குத்தான். பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம்னு சொல்லுவாங்க, கண்ணாடி ஒடைஞ்சதைக் குடுத்தா காக்காசு தர மாட்டாங்க.”

“காப்பியே போட்டுரும்மா,” என்றேன். சட்டைப் பையில் புளிக்காசு இருந்தது. வூட்டோரம் இரண்டு புளியமரம். வருஷத்துக்கு ஒரு தடவை வியாபாரி வந்து உலுக்கி எடுத்துக்கொண்டு ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போவார். மனைவி இருந்தபோது அந்தக் காசில் அவள் எனக்குச் சொல்லாமல் ஏதாவது வாங்கிவிட்டு, இரண்டு நாள் கழித்துக் காட்டுவாள். இப்போது நான் பையனுக்குச் சொல்லாமல் டிஸ்ப்ளே வாங்கப் போகிறேன். எடுத்து மேசைமேல் வைத்தேன்.

பொண்ணு காசைத் தொடவில்லை. போனின் நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளே எந்த மாடல் என்று சரிபார்ப்பதற்கு என்று நினைத்தேன். அடித்து முடித்துவிட்டு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தது.

“ஏனுங்க ஐயா, இதுக்கு, ஒடைஞ்சா மாத்தித் தர்ற கண்ணாடித் திட்டம் இருக்குதே. வாங்கும்போதே பணம் கட்டியிருக்காங்க. இன்னும் ரெண்டு மாசம் பாக்கி இருக்குது. நான் இங்கிருந்தே ஃபாரம் போட்டா, கம்பெனிக்காரங்களே வந்து எடுத்துக்கிட்டுப் போயி ஒரிஜினலே போட்டுக் குடுத்துருவாங்க. உங்களுக்கு ஒரு டீ, பலகாரம் செலவுதான். இதை உட்டுட்டுக் காப்பிக்குக் காசை எடுத்து வெக்கறீங்க?”

“அது பையன் வாங்கினது,” என்றேன்.

“அதனால என்னங்க?”

“மெசேஜு அவனுக்குத்தானே போவும்.”

அது கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது. பிறகு, “சரி, டீக்கடையில நழுவுச்சுன்னு எழுதிப் போடட்டுங்களா?” என்றது.

“போடேன்.”

“போடலாம். போட்டோ கேப்பாங்க. நான் பாத்தது அவங்களுக்கும் தெரியும். பொய்யின்னு திருப்பி அனுப்பிருவாங்க. அதுக்கும் உங்க பையனுக்குத்தான் மெசேஜு போவும்.”

சந்தில் ஒரு தள்ளுவண்டி போனது. அது கடந்து போகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கையைக் காட்டுங்க,” என்றது.

காட்டினேன். இரண்டு உள்ளங்கையையும் விளக்கடியில் புரட்டிப் பார்த்தது. சிராய்ப்பே இல்லை. “கையைக்கூட ஊனலீங்களா?”

“மேல போயிருச்சும்மா,” என்றேன். “கம்பி இருக்கும்னு.”

புரிந்ததோ என்னவோ. நான் கண்டக்டர் என்று அதுவரை சொல்லவும் இல்லை. சொன்னேன். பாசியைச் சொன்னேன், குடத்தைச் சொன்னேன், பையன் போட்ட நிபந்தனையைச் சொன்னேன், லிஃப்டைக்கூடச் சொன்னேன். ஐந்து நாளாக வாயை மூடி வைத்திருந்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. முகம் தெரியாத கடை என்றுதானே வந்தேன். அந்தத் தைரியந்தான் போலிருக்கிறது. அது குறுக்கே பேசவில்லை. நான் நின்றதும் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

“எவ்வளவு நேரங்க கெடந்தீங்க?”

அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

“ரெண்டு பஸ்ஸு போற வரைக்கும்,” என்றேன்.

“ரெண்டு பஸ்ஸுன்னா?”

“ஏழு பத்து. எட்டு நாப்பது.”

இதைச் சொல்லும்போது என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. டிக்கெட் விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தேன். பாதியில் உடைந்துவிட்டது. அந்தப் பொண்ணு கீபோர்டிலிருந்து கையை எடுத்தது.

“சத்தம் போடலாம்ல?”

“போடல.”

“அடுத்த தடவையும் போட மாட்டீங்களா?”

குத்திக் கேட்ட மாதிரியும் இல்லை, பரிதாபப்பட்ட மாதிரியும் இல்லை. எந்த டிஸ்ப்ளே வேண்டும் என்று கேட்ட அதே குரல். மேசைமேல் புளிக்காசு கிடந்தது. அதைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் போன் பளபளவென்று ஆகிவிடும். ராத்திரி வீடியோவில் முகம் தெரியும். பையன் ஒன்றும் கேட்க மாட்டான். பின்வாசலில் பாசி இருக்கும். காலையில் ஏழு பத்து வரும். எல்லாம் அப்படியே இருக்கும். அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் வந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காசை எடுத்துப் பையில் போட்டேன்.

“ஃபாரத்துல போடும்மா.”

“என்னன்னுங்க?”

“ஆளு உழுந்துச்சுன்னே போடு.”

“நெசமாவா? போட்டா உடனே போயிரும்ங்க. அப்புறம் என்கிட்ட வந்து சண்டை போடக்கூடாது.”

“ரைட்டு,” என்றேன்.

அது அடித்தது. போனை முன்பக்கம் ஒரு போட்டோ, வளைந்த ஓரத்தை ஒரு போட்டோ எடுத்தது. ஃபாரத்தில் இருந்ததை எனக்கு வாசித்துக் காட்டியது: வீட்டுப் பின்புறத்தில் தண்ணீர் பிடிக்கும்போது உபயோகிப்பவர் வழுக்கி விழுந்ததில் போன் அவருக்கு அடியில் சிக்கி உடைந்தது. நான் விழுந்ததை வேறொருவர் குரலில் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏதோ பேப்பரில் போட்ட சேதி மாதிரி இருந்தது. தலையாட்டினேன். அது பட்டனை அழுத்தியது.

“போயிருச்சுங்க,” என்றது.

ஹெட்செட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். ஒயர் சிக்கலாகக் கிடந்தது. பிரித்துக்கொண்டிருந்தபோதே மேசைமேல் போன் அதிரத் தொடங்கியது. கருப்புக்கு மேலே மிச்சமிருந்த இடத்தில் பையனின் பேர் பாதி தெரிந்தது. அந்தப் பொண்ணு போனை எடுத்து என் கையில் கொடுத்தது. வாங்கிக்கொண்டு ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. பெரிய சேதி என்றால் நின்றுகொண்டு பேச வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ. இடுப்பு பிடித்துக்கொண்டது. வலது கை தானாக மேலே போனது. கடையில் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது போன் கவர்களின் வரிசைதான். மெல்ல அந்த ஸ்டூலிலேயே திரும்ப உட்கார்ந்தேன். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒயரைச் சொருகினேன்.

அந்தப் பொண்ணு மேசைக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டாக வெளியே வந்து, செருப்புக்கூடப் போடாமல் சந்தில் இறங்கி, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குள் போனது. அங்கே யாரிடமோ, “கொஞ்சம் ஏந்திரிங்கண்ணா” என்பது எனக்குக் கேட்டது. திரும்பி வரும்போது அதன் தலைமேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேர், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது. வாசல் இடுக்கில் அதைச் சாய்த்து நுழைத்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டு, என் வலது கையை எடுத்து அந்தக் கைப்பிடிமேல் வைத்தது.